அப்துல் ஹக் கடையில் இல்லாத சொல்

பரங்கிப்பேட்டை கடைத்தெருவில் அப்துல் ஹக் மளிகைக் கடைக்குப் போய், "பாய், கசகசா இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் நிறுத்துக் கொடுப்பார். தீர்ந்து போயிருந்தால், "நாளைக்கு வந்துரும்" என்பார். நாளைக்குப் போனால், "வண்டி புவனகிரி தாண்டிடுச்சாம்" என்பார். அதற்கடுத்த நாள், "இன்ஷா அல்லாஹ்" என்று மட்டும் சொல்லி, முகமெல்லாம் சிரிப்பாக ஒரு பேரீச்சம்பழத்தைக் கையில் வைப்பார். கசகசா கடைசிவரை வராது. ஆனால் "இல்லை" என்ற வார்த்தையும் அவர் வாயிலிருந்து வராது. கல்லாவுக்கு முன்னால் உட்கார்ந்து அந்த வார்த்தையைச் சொன்னால் வியாபாரத்தில் பரக்கத்தே போய்விடும், விருத்தி இருக்காது என்பது அவர் நம்பிக்கை. கடையோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. மனுஷன் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

அந்த வீட்டின் மகள்தான் நஸீமா. இது அவளைப் பற்றிய கதை.

நஸீமா சிதம்பரம் மேல வீதியில் ஒரு மாடி அறையில் வேலை பார்த்தாள். அண்ணாமலை நகரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு நேராக அந்த மாடிப்படி ஏறியவள். என்ன வேலை என்று தெருவில் யாராவது கேட்டால், "மெசேஜ் அனுப்புற வேல" என்பாள். "அதத்தான் நாங்களும் பண்றோம், எங்களுக்கு யாரு சம்பளம் கொடுக்குறா?" என்று பெண்கள் சிரிப்பார்கள். அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? பள்ளிக்கூடம், கண் ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் என்று ஒவ்வோர் இடத்துக்கும் அவள் ஒரு புரோகிராம் எழுதுவாள். அந்தப் புரோகிராம் யாருக்கு, என்ன செய்தி என்று எழுதி, தன்னிடமுள்ள சாவியையும் காட்டி, செய்தி அனுப்பும் கம்பெனியின் வாசலில் நீட்டும். அந்த வாசலுக்குப் பெயர் ஏ.பி.ஐ. சாவி சரியாக இருந்தால் வாங்கிக்கொள்வார்கள். அடுத்த நிமிஷம் எங்கோ யாரோ ஒருவரின் சட்டைப்பையில் 'டிங்' என்று அடிக்கும். தோன்றியதையெல்லாம் அனுப்பவும் முடியாது. என்ன வாக்கியம் போகப் போகிறது என்பதை முன்கூட்டியே பதிவு செய்து அனுமதி வாங்க வேண்டும்.

இதில் அவளுக்குப் பிடித்தது அந்த 'டிங்'தான். அவள் கொஞ்சம் கனவு காண்கிற பெண். காலையில் பி.முட்லூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டாள். 'உங்கள் கண்ணாடி தயாராக உள்ளது' என்று நேற்று அனுப்பியது இப்போது ஸ்ரீமுஷ்ணத்தில் எந்த வயல் வரப்பில் வாசிக்கப்படுகிறதோ என்று நினைத்துக்கொண்டே போவாள். ஒருநாள் பக்கத்து ஸீட்டு அம்மாள் ஃபோனைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து, அவள் எழுதிய வரியையே எழுத்துக்கூட்டிப் படித்தாள். "பரவால்லியே, மரியாதயாதான் எழுதியிருக்கான்" என்று பாராட்டு வேறு. நஸீமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைக்கு முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்படிப்பட்டவளிடம்தான் அவள் வாப்பா அப்துல் ஹக் வந்து நின்றார். ஒவ்வொரு ரமலானிலும் இருபத்தொன்பதாம் நோன்பு முடியும் சாயங்காலம் அவர் ஃபோனுக்கு ஓய்வே கிடையாது. வெளியூரில் இருக்கிற தெருக்காரப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த நம்பர் கடை நம்பர்தான். சிதம்பரத்துக் கடைகளில் நிற்பவர்கள், அண்ணாமலை நகர் ஹாஸ்டலில் படிப்பவர்கள், நெய்வேலியில், கடலூரில் வேலை பார்ப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி: பிறை தெரிந்ததா? தெரிந்தால் கடைசி பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு வர வேண்டும்.

"நாக்கு வறண்டு போவுதும்மா. உன் மிஷின வச்சு ஒரு வழி பண்ணேன்" என்றார்.

பண்ணினாள். அந்தி நேரத்து மஃரிபு தொழுகை முடிந்ததும் புரோகிராம் வாப்பாவின் ஃபோனுக்கு 'பிறை தென்பட்டதா?' என்று ஒரு செய்தி அனுப்பும். அவர் பதில் போட்டால் போதும், வெளியூர்க்காரர்கள் அத்தனை பேருக்கும், கூடவே அவள் ஃபோனுக்கும் போய்விடும். அதற்காக இரண்டு வாக்கியங்களைப் பதிவு செய்தாள். 'பிறை தென்பட்டது. நாளை பெருநாள்' என்பது ஒன்று. 'பிறை தென்படவில்லை. நாளை நோன்பு முப்பது' என்பது இன்னொன்று. பள்ளிவாசல் பெரியவர்கள் வாப்பாவின் ஃபோனை மட்டும்தான் நம்புவோம் என்றார்கள். அதையும் ஒத்துக்கொண்டாள்.

வாப்பா என்ன பதில் போடுவார் என்று யோசித்தபோதுதான் அவள் சறுக்கினாள். 'ஆமா' என்பார், 'தெரிஞ்சிருச்சு' என்பார், 'அல்ஹம்துலில்லாஹ்' என்பார். ஆமாம் சொல்ல ஊரில் நூறு வார்த்தை இருக்கிறது, அத்தனையையும் எப்படி எழுதி வைப்பது? ஆனால் இல்லை என்பதற்கு ஒரே வார்த்தைதானே! ஆகவே பதிலில் 'இல்லை' இருந்தால் பிறை தெரியவில்லை, வேறு எது இருந்தாலும் தெரிந்தது என்று எழுதி முடித்தாள். அந்தக் கடையில் பொட்டலம் மடித்து வளர்ந்த பெண்! இல்லை என்பதற்கு வாப்பா எத்தனை வார்த்தை வைத்திருக்கிறார் என்பது அவளுக்கு நினைவுக்கு வரவே இல்லை.

அவள் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் அஷ்பாக்குக்கு உடனே வந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு டைல்ஸ் கடையில் இருந்தான். நஸீமா ஃபோனில் இந்தப் புரோகிராமைப் பற்றிப் பெருமையாகச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான்.

"வாப்பா இல்லைன்னு அனுப்புனாத்தான் ரெண்டாவது மெசேஜ் போவுமா? அப்ப அது எந்தக் காலத்துலயும் வராது புள்ள."

"போ காக்கா, உனக்கு எப்பவும் அவுங்க மேல ஒரு குத்தல்" என்றாள் நஸீமா. அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது என்று நின்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

குத்தல் இல்லாமல் என்ன செய்யும்? கிள்ளையில் ஒரு பெண்ணை அஷ்பாக்குக்குப் பிடித்திருந்தது. போய்ப் பேசுங்கள் என்று வாப்பாவிடம் கேட்டான். "பாக்கலாம்பா" என்றார். மறுபடி கேட்டான். "நோன்பு முடியட்டும்" என்றார். நோன்பு முடிந்தது, ஹஜ்ஜுப் பெருநாளும் முடிந்தது, "இன்ஷா அல்லாஹ்" என்றார். கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது விஷயம். பெண் வீட்டாரும் எத்தனை நாள்தான் வாசலைப் பார்ப்பார்கள்? வேறு இடத்தில் நிக்காஹ் முடித்துவிட்டார்கள். அன்றைக்கு அஷ்பாக் நடுவீட்டில் நின்று, "புடிக்கலன்னா வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா இல்லைன்னு சொல்லியிருக்கலாம்ல? நான் சண்ட போட்டிருப்பேன், அழுதிருப்பேன், எதையாவது பண்ணியிருப்பேன்ல?" என்று கத்தினான். வாப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவன் பையைத் தூக்கிக்கொண்டு கடலூர் போனவன்தான். பெருநாள் அன்று மட்டும் வருவான். தொழுவான், உம்மா ஆக்கியதைச் சாப்பிடுவான், வாப்பாவுக்கு ஸலாம் சொல்வான், அடுத்த பஸ்ஸில் போய்விடுவான்.

இந்த வருஷம் அதற்கும் ஆபத்து வந்தது. மஸ்கட்டுக்கு விசா வந்துவிட்டது. போனால் மூன்று வருஷம்.

"நாளன்னைக்கி விடியக்காலம் மெட்ராஸ்ல ஃப்ளைட்டு" என்று இருபத்தொன்பதாம் நோன்பு அன்று காலையில் நஸீமாவிடம் சொன்னான். "நாளைக்குப் பெருநாள்னா வந்து உம்மாவப் பாத்துட்டுப் போறேன். இல்லேன்னா இப்டியே மெட்ராஸ் பஸ் ஏறிடுவேன். பெருநாளும் இல்லாம அந்த வீட்டுல சும்மா வந்து குந்த என்னால முடியாது. உம்மாகிட்ட நீயே சொல்லிடு."

சொன்னாள். உம்மா ஆசியா அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தார். வாப்பாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்றைக்குக் கடையில் யாரோ வெல்லம் கேட்டதற்கு மிளகாயை நிறுத்துக் கொடுத்தாராம்.

சாயங்காலம் பருவம் தப்பிய மேகம் மேற்கே திரண்டு நின்றது. வாப்பா நோன்பு திறக்கக் கஞ்சித் தூக்கோடு வெள்ளாற்றுக் கரைக்குப் போய்விட்டார். ஆறு கடலில் சேருகிற அந்த இடத்தில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றின் நீளத்துக்கு மேற்கே பார்த்தால் வானம் மறைப்பில்லாமல் தெரியும். தெருவில் பாதி ஆண்கள் அங்கேதான் இருந்தார்கள். வீட்டில் நஸீமாவும் உம்மாவும் நோன்பு திறந்து, தொழுது எழுந்தார்கள். ஃபோன் 'டிங்' என்றது.

'பிறை தென்பட்டது. நாளை பெருநாள்.'

அவளே எழுதிய வாக்கியம். அதைப் படித்து அவளே நம்பினாள். மொட்டை மாடிக்கு ஓடினாள். மேகம் அப்படியேதான் இருந்தது, ஆனால் மனசு கேட்கிறதா? அந்த மேகத்துக்குப் பின்னால் எங்கோ ஒரு நகக்கீறல் மாதிரிப் பிறை நிற்பதாகவே அவளுக்குத் தோன்றியது. இந்த வரி இந்நேரம் எங்கெல்லாம் போய்க்கொண்டிருக்கும் என்று நினைத்தாள். ஹாஸ்டல் வராந்தாவில் யாரோ துள்ளுகிறார்கள். சிதம்பரத்தில் யாரோ கடை ஷட்டரை இழுக்கிறார்கள். கடலூரில் ஒருவன் பையை எடுக்கிறான். கடல்காற்று முக்காட்டைத் தள்ளிக்கொண்டு போனது. இந்த உலகத்தில் தன்னைவிட நல்ல வேலை செய்கிறவள் யாரும் கிடையாது என்று அந்த நிமிஷம் அவளுக்கு இருந்தது. சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

கீழே இறங்கி வந்தபோது உம்மா ஃபோனைப் பேசி வைத்தார். "பஸ் ஏறிட்டானாம்! மொதல்ல உங்க வாப்பாட்ட சொல்லிட்டேன். நீ ஏண்டி மசமசன்னு நிக்கிற, வெங்காயத்த உரி" என்றார். முகத்தில் பத்து வயசு குறைந்திருந்தது.

அப்போதுதான் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. பிறை தென்படவில்லை, பக்கத்து ஊர்களிலிருந்தும் தகவல் இல்லை, நாளை நோன்பு முப்பது.

உம்மாவின் கை வெங்காயத்தோடு அந்தரத்தில் நின்றது. திருத்தி அனுப்பலாம் என்றால் லாப்டாப் சிதம்பரம் ஆபீஸில், சாவி முதலாளியிடம், முதலாளி வடலூரில். வாப்பாவின் ஃபோனைத் தவிர வேறு வழியே கிடையாது. முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

கரையில் கூட்டம் கலைந்துவிட்டது. வாப்பா மட்டும் தூக்கைக் காலடியில் வைத்துவிட்டு மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாப்பா, என்ன பதில் போட்டீங்க?"

"கேட்டுச்சு, மரியாதயா சொன்னேன். 'நாளைக்குத் தெரிஞ்சிரும், இன்ஷா அல்லாஹ்'னு."

நஸீமா தலையில் கை வைத்துக்கொண்டாள். வேறு எது இருந்தாலும் பெருநாள்! அவள் எழுதியதுதானே. "வாப்பா, அது ஊருக்கெல்லாம் நாளைக்குப் பெருநாள்னு சொல்லிடுச்சு. இல்லைன்னு அனுப்புங்க, சீக்கிரம்."

"அப்படியா? இரு, இரு" என்று பதறிப்போய் அவர் விரலால் தேடித் தேடி அடித்தார். அவள் எட்டிப் பார்ப்பதற்குள் அனுப்பியும்விட்டார். 'இன்னைக்கு மேகமா இருக்கு, நாளைக்குப் பாப்போம்.'

நஸீமாவின் ஃபோன் 'டிங்' என்றது. 'பிறை தென்பட்டது. நாளை பெருநாள்.'

"அட ஆண்டவனே! வாப்பா, அந்த ஒரு வார்த்தைதான் அதுக்குப் புரியும். பூசி மெழுகுனா புரியாது."

வாப்பா ஃபோனை அவளிடம் நீட்டிவிட்டார். "அஷ்பாக் பஸ் ஏறிட்டானாம்மா. இந்த வார்த்த போச்சுன்னா அவன் எறங்கிடுவான்."

நஸீமா ஃபோனை வாங்கிக்கொண்டாள். அடிக்கவில்லை. எதிரே ஆறு அசைவில்லாமல் கிடந்தது. தண்ணீருக்கும் வானத்துக்கும் ஒரே சாம்பல் நிறம், எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. ஒரு மணி நேரம் பொறுத்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. பஸ் வந்து சேரட்டும். அண்ணன் வீட்டுக்குள் காலை வைக்கட்டும். உம்மா ஒருதரம் அவன் தலையைத் தொடட்டும். பிறகு அனுப்பிக்கொள்ளலாம், யார் கேட்கப்போகிறார்கள்? அவளுக்கு அப்படி ஆசையாக இருந்தது. பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வருவதும், அவன் படியில் நின்று சிரிப்பதும் கண்ணுக்கு முன்னாலேயே தெரிந்தது.

ஆனால் மற்றவர்களும் கூடவே தெரிந்தார்கள். ஹாஸ்டல் பிள்ளைகள் மூட்டை கட்டுகிறார்கள். நெய்வேலியில் ஊருக்கு வர வழியில்லாத யாரோ ஒருவர், விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழ வேண்டாம், நாளை நோன்பில்லை என்று நிம்மதியாகப் படுக்கப் போகிறார். மாதம் முழுக்கப் பிடித்தவருக்கு அவளால் ஒரு நோன்பு போகும். யாரும் அவளைக் கேட்க மாட்டார்கள்தான். அதை நினைத்தால்தான் இன்னும் பயமாக இருந்தது.

"வாப்பா, நான் அடிக்கட்டா?" என்றாள்.

அவர் மேற்கே ஒருதரம் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"கொண்டா. என் வாய்ச்சொல்ல நீ ஏம்மா சொமக்கணும்?" ஃபோனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டார். "அந்தக் கிள்ளை எடம் எனக்குப் புடிக்கல நஸீமா. அன்னைக்கே தெரியும். புள்ள மூஞ்சி வாடுமேன்னு பயந்துகிட்டு மென்னு முழுங்கினேன். கசகசா கேட்டு வந்தவன அனுப்புற மாதிரி எம்புள்ளயயும் நாளைக்கு நாளைக்குன்னு அனுப்புனேன். அவன் கேட்டது ஒரே ஒரு வார்த்த."

ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். இ. ல். லை. அனுப்பிவிட்டு, ஃபோனைச் சட்டைப்பையில் போட்டு, பையின் மேல் கையை வைத்துக்கொண்டார். நஸீமாவின் ஃபோன் அடித்தது. 'பிறை தென்படவில்லை. நாளை நோன்பு முப்பது.' அழகான வாக்கியம் என்று எழுதும்போது நினைத்தாள். இப்போது அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"வீட்டுக்குப் போலாமா?" என்றாள்.

"பஸ் ஸ்டாண்ட் வழியா போம்மா" என்றார் வாப்பா. "சும்மாதான்."

கடலூர் பஸ் வந்தது. முட்லூரில் மாறி ஏறிய ஹாஸ்டல் பிள்ளைகள் பையும் மூட்டையுமாகக் குதித்து இறங்கினார்கள். "பாய், ஒரே நாள்ல ரெண்டு பெருநாளா? ஒரு நோன்பும் கொசுறா?" என்று ஒருவன் கேலி பண்ணினான். வாப்பா அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். "தப்பு எம்மேலதான் தம்பி" என்று பூசாமல் மெழுகாமல் சொன்னார். பிள்ளைகளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "பரவால்ல பாய், வீட்டுச் சோறாச்சு" என்று போனார்கள். பஸ் காலியானது. கண்டக்டரும் இறங்கி டீக்கடைக்குப் போய்விட்டார். அஷ்பாக் இல்லை.

நஸீமா ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தாள். உம்மாவிடம் என்ன சொல்வது? உரித்த வெங்காயத்தை என்ன செய்வது? வாப்பா காலி பஸ்ஸின் படியையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிவாசலில் இரவுத் தொழுகைக்கான இஷா பாங்கு சொல்லி முடிந்தது. "வாங்க வாப்பா" என்று அவர் கையைப் பிடித்தாள்.

அடுத்த பஸ் வளைந்து உள்ளே வந்தது. அதிலிருந்து இறங்கியவர்களில் கடைசி ஆள், தோளில் ஒரு பெரிய வெளிநாட்டுப் பையோடு, அஷ்பாக்.

நஸீமாதான் வாயைத் திறந்தாள்.

"காக்கா, ரெண்டாவது மெசேஜ் வரலியா உனக்கு?"

"வந்துச்சு. புதுச்சத்திரத்துல எறங்கிட்டேன். ரோட்டத் தாண்டி, கடலூர் பக்கம் போற பஸ்ஸுக்குக் கையக்கூட காட்டிட்டேன்."

"அப்புறம்?"

"இன்னொரு தடவ எடுத்துப் படிச்சேன்." அவன் தங்கையைப் பார்த்துப் பேசவில்லை. "வாப்பா இல்லைன்னு அனுப்புனாத்தான் அது வரும்னு சொன்னியே. எந்தக் காலத்துலயும் வராதுன்னு நெனச்சேன்."

வாப்பா ஏதோ சொல்ல வந்து, வழக்கம்போல மென்று விழுங்கப் பார்த்தார். அஷ்பாக் அவரை விடவில்லை. பக்கத்தில் வந்து, சின்ன வயதில் கடையில் கேட்கிற மாதிரி நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

"நாளைக்குப் பெருநாளா, வாப்பா?"

"இல்லப்பா" என்றார் அப்துல் ஹக். "நாளைக்குப் பெருநாள் இல்லை."

அஷ்பாக் தலையை ஆட்டினான். பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தான்.